கல்லறையில் ஒரு பங்கு

சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பத்தார் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். கணக்கு எழுதும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். நாற்பது வயதுக்கு மேல், கணவனை இழந்த ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அந்த அம்மாள் இந்த வீட்டுக்கு வந்தபோது மூன்று வயதுப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பிறகு அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. அந்தப் பையனுடைய பெயருக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்து மட்டும் வேறு. மற்ற எல்லா வகையிலும் அவன் அவருடைய பிள்ளையாகவே வளர்ந்தான். மழை நாளில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்த அவரையும் பார்த்திருக்கிறேன். அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி இரண்டு வருஷம் அவரைக் குழந்தையைப் போல் தூக்கிக் குளிப்பாட்டிய அவனையும் பார்த்திருக்கிறேன்.

சாவு வீட்டில் நீர்மாலைக்குப் புறப்படுகிற நேரத்தில் ஒரு பேச்சு எழுந்தது. கொள்ளி வைப்பது யார்? வெளியூரிலிருந்து வந்திருந்த பங்காளி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "பையன் தங்கமான பையன்தான், யார் இல்லை என்றது? ஆனால் ரத்தம் வேறே அல்லவா? பங்காளி இருக்கும்போது மற்றவன் கொள்ளிக்குடம் தூக்குவது எந்த ஊர் வழக்கம்?" யாரும் மறுத்துப் பேசவில்லை. இறந்தவருடைய அண்ணன் மகன், அவர் நோயாய்க் கிடந்த நாளில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவன், குடத்தை வாங்கிக்கொண்டான். வளர்ந்த பிள்ளை ஒன்றும் சொல்லாமல் போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தான்.

நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். என் கதைகளில் இத்தகைய இடம் வந்தால் யாராவது ஒரு பாத்திரம் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசும். வாசகர்களும் படித்துவிட்டுப் பாராட்டிக் கடிதம் எழுதுவார்கள். ஆனால் அன்றைக்கு நிஜமான திண்ணைக்கு முன்னால் என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. 'ஊர் வழக்கம்' என்ற சொல்லுக்கு அத்தனை கனம் இருந்தது. உலகம் தோன்றிய நாளிலிருந்து மனிதர்கள் ரத்தத்தைப் பார்த்துத்தான் சவத்தைத் தொட்டார்கள் என்பதுபோல அந்த மனிதர் பேசினார். நானும் அதை நம்பியவன் போல நின்றேன்.

அந்த மௌனம் வெகு நாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு, இங்கிலாந்து தேசத்தில் ஏர்முனையில் சிக்கி அழிந்துகொண்டிருந்த ஒரு பழங்காலக் கல்லறையைப் பற்றியும், அதை ஆராய்ந்தவர்கள் கண்டு சொன்ன செய்திகளைப் பற்றியும் படித்தேன். எங்கள் தெருத் திண்ணைக்கும் அந்தக் கல்லறைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் திண்ணையில் கேட்ட கேள்விக்கு அங்கே 5,700 வருஷத்துக்கு முன்பே ஒரு பதில் எழுதப்பட்டுக் கிடந்தது.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் கிளாஸ்டர்ஷயர் என்று ஒரு ஜில்லா. அங்கே காட்ஸ்வோல்ட் என்னும் குன்றுகள் இருக்கின்றன. சுண்ணாம்புக் கல் நிறைந்த பூமி. ஹேசில்டன் என்ற சிறு கிராமத்துக்கு அருகில், வயல்களுக்கு நடுவே, அடுத்தடுத்து இரண்டு நீண்ட கற்குவியல்கள் இருந்தன. புதிய கற்காலத்து மக்கள் தங்கள் இறந்தவர்களுக்காகக் கட்டியவை அவை. அவர்களுக்கு இரும்பும் தெரியாது, வெண்கலமும் தெரியாது. மாடு வளர்த்தார்கள், தானியம் விதைத்தார்கள், மண்பாண்டம் செய்தார்கள். எகிப்தின் பெரிய பிரமிடு எழும்புவதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாலேயே அவர்கள் இந்தக் கற்களை அடுக்கிவிட்டார்கள்.

வடக்கே இருந்த குவியலின் மேல் வருஷா வருஷம் உழவு நடந்தது. கலப்பை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. இப்படியே விட்டால் ஒன்றும் மிஞ்சாது என்ற நிலை வந்தபோது, ஆலன் சாவில் என்ற புதைபொருள் ஆராய்ச்சியாளரின் தலைமையில் 1979-ம் ஆண்டு தொடங்கி 1982 வரை அதைத் தோண்டினார்கள். ஓரமாகக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்துவிட்டு விடவில்லை. முழுவதையும் கல் கல்லாக எடுத்துப் பார்த்தார்கள். கற்குவியல் ஏறத்தாழ 50 மீட்டர் நீளம். ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருந்தது. அதன் வயிற்றுக்குள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டியபடி இரண்டு கல்லறைகள். ஒன்றுக்கு வாசல் வடக்கே, மற்றொன்றுக்கு வாசல் தெற்கே. ஒவ்வொன்றிலும் ஒரு குறுகிய வழி உள்ளே சென்று மடங்கி ஓர் அறையில் முடிந்தது. அந்த வழிகளிலும் அறைகளிலும் ஏறத்தாழ 40 பேருடைய எலும்புகள்.

ஆளுக்கோர் இடம் என்று அவர்கள் படுத்திருக்கவில்லை. எலும்புகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. புதிதாக ஒருவரை உள்ளே கொண்டுவந்தபோது முன்னால் வந்தவர்களை ஒதுக்கி இடம் செய்திருக்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் புது மருமகள் வந்தால் பெட்டி படுக்கைகளை நகர்த்தி இடம் பண்ணுவார்களே, அதுபோல. ஒரு காலகட்டத்தில் வடக்கு வழியின் கற்கள் சரிந்து உள்ளே போகும் பாதை அடைபட்டுவிட்டது. அதன் பிறகு அந்த வாசலிலேயே ஒரு மனிதனைக் கிடத்தினார்கள். அவன் எலும்புக்கூடு கலையாமல் முழுசாகக் கிடைத்தது. அவனுக்கு அருகே, ஆயுதம் செதுக்கப் பயன்படும் சிக்கிமுக்கிக் கல் ஒன்றும், அதைத் தட்டி உடைக்கும் சுத்தியல் கல் ஒன்றும் இருந்தன. தச்சனோடு அவன் உளியையும் சேர்த்து வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. கல்லறைக்கு அடியில் தோண்டியபோது பழைய வயல் ஒன்று தெரிந்தது. அங்கே முன்பு மனிதர்கள் குடியிருந்து அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். பாண்டத்தின் ஓடுகளும், மிருகங்களின் எலும்புகளும், மாவரைக்கும் கல்லின் துண்டுகளும் குப்பைமேட்டில் கிடந்தன. சோறு தின்ற இடத்தின் மேல் அவர்கள் கல்லறையைக் கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தக் கல்லறையின் மேல் சோற்றுக்காக உழுதார்கள். ஆகையால் கலப்பை பிடித்த விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஆராய்ச்சியாளரைக் குற்றம் சொல்லலாமா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு மேலே போவது நியாயமாகாது. புதைபொருள் ஆராய்ச்சி என்பது விசித்திரமான ஒரு படிப்பு. அந்தப் புத்தகத்தை ஒரே ஒரு தடவைதான் படிக்கலாம். புரட்டிய பக்கம் புரட்டியவுடனே மறைந்து போகும். ஹேசில்டனில் அப்படித்தான் நடந்தது. தோண்டி முடித்தபோது கல்லறை இல்லை, வயல்தான் இருந்தது. 1990-ல் வெளிவந்த சாவிலின் பெரிய அறிக்கையிலும், அட்டைப் பெட்டிகளில் எண்ணிட்டு வைத்த எலும்புகளிலும்தான் அந்தக் கல்லறை இன்று வாழ்கிறது. யாரோ தங்கள் தகப்பனையும் குழந்தையையும் இருட்டில் நிம்மதியாகக் கிடக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனார்கள். நாம் கதவைத் திறந்து விளக்கை ஏற்றிவிட்டோம். 'நம் வீட்டுப் பெரியவர்களை ஒருவன் இப்படிச் செய்தால்?' என்று நினைத்துப் பார்க்கிறபோது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

அந்தக் கூச்சத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டே, விளக்கு வெளிச்சத்தில் என்ன தெரிந்தது என்று பார்ப்போம்.

வெகு காலம்வரை, யார் யாரை இப்படிச் சேர்த்து வைத்தார்கள் என்பது ஊகமாகவே இருந்தது. சிலர் 'இது ஒரு கிராமம் முழுவதற்குமான இடுகாடு' என்றார்கள். சிலர் 'தலைவர்களுக்கு மட்டும்' என்றார்கள். கரியின் கதிரியக்கத்தைக் கொண்டு காலத்தைக் கணித்தபோது, அந்தக் கல்லறை ஆயிரக்கணக்கான வருஷம் பயன்பட்டது அல்ல, சில தலைமுறைகளே பயன்பட்டது என்று தெரிந்தது. 2016-ல் அவர்களுடைய பற்களை ஆராய்ந்தார்கள். பல் முளைக்கிற வயதில் நாம் உண்ணும் உணவும் குடிக்கும் நீரும் அந்த மண்ணின் அடையாளத்தைப் பல்லில் எழுதிவிட்டுப் போகின்றனவாம். அதைப் படித்துப் பார்த்ததில், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே ஏறத்தாழ 40 கிலோமீட்டராவது தள்ளியிருந்த இடங்களுக்கிடையே மாறி வாழ்ந்திருக்கக்கூடும் என்று தெரிந்தது. மாடுகளை ஓட்டிக்கொண்டோ, வேறு காரணத்துக்கோ நடந்துகொண்டிருந்த ஜனங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நிலையான விலாசம் அந்தக் கல்லறைதான் போலும்.

2021 டிசம்பரில் 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ஃபௌலரும் பல தேசத்து மரபணு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து எழுதியது. அந்தக் கல்லறையில் இருந்த 35 பேருடைய எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும் மரபணுவை எடுத்துப் படித்தார்கள். அவர்களில் 27 பேர் ஒரே குடும்பம்! ஐந்து தலைமுறைக் குடும்பம். பழங்கால எலும்புகளின் மரபணுவிலிருந்து இத்தனை பெரிய வம்சாவளி ஒன்றை எழுதியது அதுவே முதல் தடவை.

அந்த வம்சத்துக்கு மூலபுருஷன் ஒருவன். அவனுக்கு நான்கு பெண்களிடம் பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. ஒருத்தி இறந்தபின் ஒருத்தியை மணந்தானோ, ஒரே வீட்டில் நால்வரோடும் வாழ்ந்தானோ, அதை எலும்பு சொல்லாது. ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு வம்சம் இறங்கிய இடங்கள் 15. அந்தப் பதினைந்தும் தகப்பன் வழியே. தகப்பன், மகன், பேரன், கொள்ளுப் பேரன் என்று கல்லறைக்குள் நுழையும் உரிமை ஆண் வழியில் இறங்கியிருக்கிறது. அவர்களை விவரிக்க விஞ்ஞானிகள் நீளமான சொற்களைக் கையாளுகிறார்கள். நமக்கு அந்தச் சிரமம் வேண்டாம். 'பங்காளிகள்' என்றால் நமக்குப் புரிந்துவிடும். எங்கள் தெருத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதர் இதுவரை படித்திருந்தால், "பார்த்தீர்களா, நான் சொன்னேனே!" என்று மீசையைத் தடவிக்கொண்டிருப்பார்.

பெண்கள் விஷயமும் அவருக்குத் திருப்தியாகவே இருந்திருக்கும். இந்த வம்சத்தில் பிறந்த பெண் பிள்ளைகளில் இரண்டு பேர் கல்லறையில் இருக்கிறார்கள். இருவரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தவர்கள். வளர்ந்து ஆளான மகள் ஒருத்திகூட அங்கே இல்லை. வாழ்க்கைப்பட்டுப் போன இடத்துக் கல்லறையில் அவர்களை வைத்திருப்பார்கள் என்பது ஆராய்ச்சியாளரின் கருத்து. பிறந்த வீட்டில் சின்ன வயதிலேயே செத்தால்தான் பெண்ணுக்கு அங்கே இடம்! இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். ஐயாயிரம் வருஷத்துக்கு முந்திய ஓர் அந்நிய தேசத்துச் செய்தியாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கல்லறை அவ்வளவோடு பேச்சை முடித்துக்கொள்ளவில்லை. வாசலுக்குள் விடும் உரிமை தகப்பன் வழியில் வந்தது என்றேன் அல்லவா? உள்ளே எந்தப் பக்கம் என்பதைத் தாய் தீர்மானித்திருக்கிறாள். அந்த நான்கு பெண்களில் இரண்டு பெண்களின் வழி வந்தவர்கள் எல்லாத் தலைமுறையிலும் கல்லறையின் ஒரே பாதியில் வைக்கப்பட்டார்கள். மற்ற இருவரின் கிளைக்கு ஆரம்பத்தில் மறு பாதி. கட்டும்போதே இரண்டு வாசல் வைத்துக் கட்டியதற்கு அர்த்தம் அதுவாகவே இருக்கலாம். பாட்டியும் அவள் பேரனும் மடிந்த பின்னும், 'இவன் இன்னாருடைய கிளை' என்று நினைவு வைத்திருந்து, அந்தப் பக்கத்து வாசலுக்கு உடலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எழுத்து இல்லாத காலம் அது. அந்தப் பெண்களின் பெயர்கள் எத்தனை வாய்களில் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும்!

இதற்குமேல் இன்னொன்று. அந்த 35 பேரில் நான்கு ஆண்களுக்குத் தகப்பன் இந்த வம்சத்தைச் சேர்ந்தவன் அல்ல. அவர்களுடைய தாய்மார் இந்தக் குடும்பத்து ஆண்களுக்கும் பிள்ளை பெற்றவர்கள். எளிமையாகச் சொன்னால், அந்த நான்கு பேரும் வேறொருவனுக்குப் பிறந்து, தாயோடு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிள்ளைகள். அவர்களையும் இதே கல்லறையில் வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் வார்த்தையை அளந்து பேசுகிறவர்கள். அவர்களே, 'இந்தக் குடும்பத்து ஆண்கள் சிலர் மனைவியின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டிருக்கக்கூடும்' என்று எழுதுகிறார்கள். அது போக, இந்த வம்சத்தோடு நெருங்கிய ரத்த சம்பந்தமே இல்லாத எட்டுப் பேரும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வந்து சேர்ந்தது கல்யாணத்தாலோ, சிநேகத்தாலோ, நன்றியாலோ!

என் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீர் கதாசிரியர், உமக்கு எதிலும் கதைதான் தெரியும். அன்பினால் ஏற்றுக்கொண்டார்கள் என்று எப்படித் தெரியும்? ஆள்பலம் வேண்டியிருந்திருக்கும். மாடு மேய்க்கக் கை வேண்டியிருந்திருக்கும். அல்லது அந்தப் பிள்ளைகள் வேறொருவனுக்குப் பிறந்தவர்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும்" என்றார். நியாயமான ஆட்சேபம்தான். மரபணுவில் ரத்தம் தெரியும், மனம் தெரியாது. அந்த நான்கு பேரைத் தூக்கி வளர்த்த கைகளில் பாசம் இருந்ததா, கணக்கு இருந்ததா என்று எந்தக் கருவியும் சொல்லப் போவதில்லை.

ஆனால் நான் அவரிடம் ஒன்று கேட்டேன். ஆள்பலத்துக்காக ஏற்றுக்கொண்ட பிள்ளை செத்த பிறகு என்ன பலம்? மாடு மேய்த்த கையினால் இனி என்ன உபயோகம்? அந்தக் கல்லறை ஊருக்கெல்லாம் திறந்து கிடந்த சத்திரம் அல்ல. பெற்ற மகளுக்கே இடமில்லாத கண்டிப்பான வீடு அது. ஓர் உடலை அந்தக் குறுகிய வழியில் உள்ளே கொண்டுபோக வேண்டுமானால், முன்னால் கிடக்கும் முன்னோரின் எலும்பைக் கையால் ஒதுக்க வேண்டும். யாரை எங்கே வைப்பது என்று அத்தனை நினைவோடு பார்த்த ஜனங்கள், இந்த நால்வரை மட்டும் மறதியாக உள்ளே விட்டிருப்பார்களா? மனசில் என்ன இருந்ததோ, செயலில் ஏற்றுக்கொண்டார்கள். மனிதனுடைய மனசுக்குச் சாட்சி வேண்டுமென்றால் அவன் செயலைத் தவிர வேறு எதைத்தான் நாம் பார்க்க முடியும்?

இந்த இடத்தில் நான் ஓர் எச்சரிக்கையும் சொல்லிக்கொள்ள வேண்டும். வாசகர்களுக்கு மட்டுமல்ல, எனக்கும். 'பழங்காலத்தில் இப்படிச் செய்தார்கள், ஆகையால் நாமும் செய்ய வேண்டும்' என்று நான் வாதிக்கவில்லை. அப்படி வாதித்தால், வளர்ந்த மகளை வெளியே நிறுத்திய வழக்கத்தையும் சேர்த்துத்தான் ஏற்க வேண்டியிருக்கும். ஹேசில்டன் மக்கள் ரிஷிகள் அல்ல. நம்மைப் போலவே ஒரு கையால் சேர்த்துக்கொண்டு மறு கையால் தள்ளியவர்கள். அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டது வேறு. ரத்தம்தான் உறவு, மற்றதெல்லாம் பிற்காலத்தார் கிளப்பிய நாகரிகப் பேச்சு என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறார்களே, அது பொய். ரத்தத்தை அவ்வளவு கண்டிப்பாகக் கணக்குப் பார்த்த ஒரு குடும்பமே, வேண்டுமென்று நினைத்தபோது கணக்கை விட்டுக்கொடுத்திருக்கிறது. ஆகவே, 'வழக்கம் அப்படி, நான் என்ன செய்ய?' என்று கையை விரிப்பதற்கு இனி எனக்கு வழி இல்லை. அந்தக் காலத்திலும் யாரோ ஒருவன் வாய் திறந்து, 'இவன் நம்முடையவன்தான், உள்ளே கொண்டு வாருங்கள்' என்று சொல்லியிருப்பான்.

இப்போது பழைய கூச்சத்துக்குத் திரும்புகிறேன். கல்லறையைத் திறந்தது சரிதானா?

இங்கிலாந்திலேயே இந்த விவாதம் நடந்திருக்கிறது. ஏவ்பரி என்ற ஊரில் புதிய கற்காலத்துக் கல்வட்டம் ஒன்று உண்டு. அங்குள்ள அருங்காட்சிச் சாலையில் வைத்திருக்கும் பழங்கால எலும்புகளை மறுபடியும் மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்று, பழைய சமயநெறியைத் தழுவியவர்கள் சிலர் 2006-ல் கோரிக்கை வைத்தார்கள். அவற்றில் ஒரு குழந்தையின் எலும்புக்கூடும் இருந்தது. 'இவர்கள் எங்கள் முன்னோர்' என்பது அவர்களுடைய கட்சி. பொதுமக்களுடைய கருத்தைக் கேட்டு, எல்லாவற்றையும் ஆலோசித்து, 2010-ல் 'அருங்காட்சிச் சாலையிலேயே இருக்கட்டும்' என்று முடிவு செய்தார்கள்.

'எங்கள் முன்னோர்' என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்க வேண்டும். 2018-ல் வெளியான ஒரு மரபணு ஆராய்ச்சி, கி.மு. 2450-ஐ ஒட்டிய காலத்துக்குப் பிறகு ஐரோப்பியக் கண்டத்திலிருந்து புதிய ஜனங்கள் பிரிட்டனுக்கு வந்தார்கள் என்றும், சில நூற்றாண்டுகளுக்குள் அந்தத் தீவு மக்களின் பரம்பரையில் ஏறத்தாழ 90 சதவீதம் மாறிவிட்டது என்றும் சொல்கிறது. அதாவது, இந்தக் கல்லறைகளைக் கட்டிய மக்களின் ரத்தம் இன்றைக்கு அங்கே வாழ்கிறவர்களிடம் மிகக் கொஞ்சமே இருக்கிறது. மறு அடக்கம் கேட்டவர்களும் சரி, மறுத்த அதிகாரிகளும் சரி, தோண்டிய சாவிலும் சரி, திண்ணைப் பங்காளியின் கணக்குப்படி பார்த்தால் ஒருவருக்கும் பாத்தியதை இல்லை. ஐந்து தலைமுறை வம்சத்துக்கு இன்று கொள்ளி வைக்கப் பங்காளி கிடையாது.

அப்படியானால் அவர்கள் யாரும் அற்றவர்களா? அந்தக் கல்லறையையே கேட்டால் அது 'இல்லை' என்றுதான் சொல்லும். வெளியிலிருந்து வந்த பிள்ளைக்கு அது இடம் கொடுத்திருக்கிறது. மூன்று வருஷம் அந்த வயலில் முழங்காலிட்டு, விரல்நுனி அளவுள்ள எலும்புச் சில்லைக்கூடத் தவறவிடாமல் எடுத்து, எங்கே எந்தப் பக்கமாகக் கிடந்தது என்று குறித்துவைத்த மனிதர்கள், ரத்தத்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆக மாட்டார்கள். ஆனால் அப்படிக் குறித்து வைக்காமல் போயிருந்தால், நாற்பது வருஷத்துக்குப் பிறகு 'இவன் இவளுடைய மகன், இவன் இன்னாரின் பேரன்' என்று சொல்ல முடியாது போயிருக்கும். அரைகுறையாகத் தோண்டி எலும்பை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனவர்களும் பழைய நாளில் உண்டு. அவர்கள் திருடர்கள். ஹேசில்டனில் தோண்டியவர்களை அப்படிச் சொல்ல மாட்டேன். பெற்றவர்கள் அல்ல, பிறந்தவர்கள் அல்ல, ஆனாலும் பிள்ளை செய்ய வேண்டிய காரியம் ஒன்றைச் செய்திருக்கிறார்கள். கலைந்து கிடந்த குடும்பத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

ஆகையால், திறந்தது சரியா தவறா என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: அது திறந்த அன்றைக்கே தீர்ந்து போகிற கேள்வி அல்ல. பிறர் வீட்டுக்குள் போய்விட்டவன் அங்கே எப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பொறுத்தது. அவர்களை வேடிக்கைப் பொருளாக்கினால் தவறு. நமக்குச் சாதகமான சாட்சி சொல்லும்படி அவர்களை வளைத்தால் அதைவிடத் தவறு. அவர்களைப் பற்றிய உண்மையை, மகள் இல்லாத வெறுமையையும், வளர்ப்புப் பிள்ளை இருக்கும் நிறைவையும், இரண்டையும் மறைக்காமல் சொன்னால், கதவைத் திறந்த கடனில் ஒரு பகுதியாவது தீரும். பாக்கி நின்ற கூச்சம் நிற்கட்டும். இறந்தவர்கள் விஷயத்தில் மனிதனுக்குக் கொஞ்சம் கூச்சம் பாக்கி இருப்பது நல்லதுதான்.

சென்ற மாதம் அந்தப் பையன், இப்போது அவனுக்கும் முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, என் வீட்டுக்கு வந்திருந்தான். பெரியவருடைய திதி அன்றைக்கு. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, வழக்கம்போல் எனக்கும் கொஞ்சம் பாயசம் கொண்டுவந்தான். வருஷா வருஷம் கொண்டுவருகிறான். அன்று குடத்தைத் தூக்கிய அண்ணன் மகன் திதி கொடுக்கிறானா என்று நான் கேட்டதில்லை.

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தம்பி, உட்காரு. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்றேன். அன்றைக்குச் சாவு வீட்டில் நான் பேசியிருக்க வேண்டும், பேசாமல் நின்றது என் தப்பு என்று முதலில் சொன்னேன். அவன் பதறிப்போய், "அதெல்லாம் எதுக்கு சார் இப்போ?" என்றான். பிறகு ஹேசில்டன் கல்லறையைப் பற்றிச் சொன்னேன். ஐந்து தலைமுறையைப் பற்றியும், நான்கு பெண்களைப் பற்றியும், வேறு தகப்பனுக்குப் பிறந்த அந்த நான்கு பேரைப் பற்றியும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்த நாலு பேரையும் தனியாகவா சார் வைத்திருந்தார்கள்?"

"இல்லை, தம்பி. அங்கே தனி இடமே கிடையாது. எல்லோரோடும் கலந்துதான்" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். சிறிது நேரம் கையிலிருந்த பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அம்மா தனியாக இருப்பாள், வருகிறேன் சார்" என்று எழுந்து போனான்.